நிலைப்புள்ளி

மாமல்லபுரத்துத் தெருக்களில் நடப்போர் செவியில் அலையோசையோடு உளியோசையும் கலந்து ஒலிக்கும். ஆங்கு ஒரு சிற்பி கருங்கல்லில் உருவம் அமைக்கப் புகுங்கால் முதலில் உளியை எடுப்பதில்லை, நூலையே எடுக்கின்றார். கல்லின் முகத்தைச் சமன்செய்து, காவி தோய்ந்த நூலால் நடுவே நேர்கோடு ஒன்று இடுகின்றார். அதற்குப் பிரம்ம சூத்திரம் என்பது பெயர். மூக்கு, மார்பு, உந்தி ஆகியவற்றின் நிலையெல்லாம் அக்கோட்டைக் கொண்டே அறுதியிடப்படும். நவதாள உருவமாயின் உயரம் 108 கூறு. அதில் முகம் 12 கூறு. உளி செல்லுந்தோறும் கோடு அழியும். சிற்பியோ சலியாது அதனை மீண்டும் மீண்டும் இடுவார். 1957-ஆம் ஆண்டில் இவ்வூரில் அரசினர் தொடங்கிய பயிற்சி நிலையம், இன்று கல்லூரியாக வளர்ந்து இக்கலையைக் கற்பித்து வருகின்றது.

இக்காலத்தில் மரத்தைக் குடைந்து பூவேலை செய்யச் சி.என்.சி. ரூட்டர் என்னும் பொறி வந்துள்ளது. கணினியின் ஆணைப்படி அதன் வெட்டுமுனை இடவலம், முன்பின், மேல்கீழ் என மூவழியும் இயங்கும். இவ்வகைப் பொறிகள் பலவற்றில் உள்ள ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகப் பகுத்துச் சுழலும். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் செலுத்தும் திருகு இருப்பின், ஒரு படிக்கு முனை நகரும் தொலைவு 0.025 மில்லிமீட்டரே. எனினும் இப்பொறி படிகளை எண்ணுமேயன்றித் தன் இடத்தைக் கண்டறியாது. முனை மரத்திற் சிக்கிச் சில படிகள் தவறினும், நகர்ந்ததாகவே கணக்கிட்டுக்கொள்ளும்.

செங்கல்பட்டை அடுத்த ஒரு பட்டறையில் யாம் கண்டது இது. தேக்குக் கதவொன்றில் தாமரை பாதி மலர்ந்திருந்தது. திடீரென மின்சாரம் நின்றது. தொழிலாளர் முனையைக் கையால் ஒதுக்கினார். மின்சாரம் மீண்டதும் அப்படியே வேலையைத் தொடங்கிவிட்டார். பொறி தான் நின்ற இடத்தையே பழைய தொடக்கமென மயங்கியது. எஞ்சிய இதழ்கள் இரண்டு விரல் விலகி விழுந்தன. வெட்டிய மரம் மீண்டும் ஒட்டுமோ? கதவு பாழாயிற்று.

இவ்விடரைத் தவிர்க்கும் வழியே நிலைப்புள்ளிக்குத் திரும்புதல். தொழிலாளர் இதனை ‘ஹோமிங்’ என்பர். பொறியை இயக்கியவுடன் ஒவ்வொரு வழியிலும் முனை ஓரத்தை நோக்கிச் சென்று, ஆங்குள்ள சுவிட்சைத் தொடும். சற்றே பின்வாங்கி, மெல்லச் சென்று மறுமுறை தொடும். விரைவிற் பிறக்கும் பிழையை இரண்டாம் தொடுகை நீக்கும். அவ்விடமே பொறியின் சுழியம். மரத்தின் தொடக்கமூலை அச்சுழியத்தினின்று எத்துணைத் தொலைவு என்பதை முன்னரே குறித்து வைத்திருப்பின், மின்சாரம் நின்றாலும் அம்மூலையைத் தவறாது மீட்கலாம். சுவிட்சில் மரத்தூள் படியாமற் காத்தலும், நெடுநேர வேலையின் இடையே சுழியத்திற்குத் திரும்பிச் சரிபார்த்தலும் வேண்டும்.

மாணவர்களே! நூலிடும் சிற்பியும் சுழியம் தேடும் பொறியும் உணர்த்துவது ஒன்றே. சிறு பிழை செய்வார் இழிந்தவர் அல்லர். பிழை நேர்ந்ததா என்று திரும்பிப் பாராதவரே பெரும்பொருள் இழப்பர். கணக்கோ, கட்டுரையோ, எத்தொழிலாயினும், இடையிடையே தொடங்கிய இடத்தை நோக்கி அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதற்குச் செலவாகும் சிறுபொழுது வீண்பொழுது அன்று.