கீழவயலும் ஏழு ரூபாய்ப் பங்கும்

பாளையங்கோட்டை,
ஜூலை 2025

அன்புள்ள மருமகனுக்கு அத்தை எழுதுவது.

மூட்டுவலி பழையபடிதான், அதை விடு. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தென்காசி வீடு விற்ற பணத்தில் உன் பங்கு முழுவதையும் வோடஃபோன் ஐடியாவில் போடப் போகிறேன் என்றாய். ஏழு ரூபாய்க்குக் கிடக்கிறது, இதற்கு மேல் எங்கே இறங்கப் போகிறது என்றாய். என் யோசனையையும் கேட்டாய். முடிவு உன்னுடையது. நான் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

ஏழு ரூபாய் என்றால் மலிவு என்று யார் சொன்னது? அந்தக் கம்பெனிக்கு 10,800 கோடிக்கும் மேலே பங்குகள் இருக்கின்றன. ஏழால் பெருக்கிப் பார், 75,000 கோடி ரூபாய்க்கு மேல். அரசாங்கத்துக்கு அது தர வேண்டிய பாக்கி மட்டும் இரண்டு லட்சம் கோடியை நெருங்குகிறது. 2008 ஜனவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் பங்கு 800 ரூபாயைத் தாண்டியது. அது நூறுக்கு வந்தபோது மலிவு என்று வாங்கியவர்கள் உண்டு, பத்துக்கு வந்தபோது வாங்கியவர்களும் உண்டு.

அரசாங்கமே பாதி வைத்திருக்கிறது, விட்டுவிடுமா என்று கேட்டாய். ஏப்ரலில் நடந்தது என்ன? 36,950 கோடி பாக்கிக்குப் பதிலாகப் பங்கு எழுதிக் கொடுத்தார்கள். புதுப்பணம் ஒரு ரூபாய்கூட உள்ளே வரவில்லை. அரசின் கையிருப்பு 48.99 சதவீதத்தில் நின்றது. ஐம்பத்தொன்றைத் தொட்டால் அது அரசு நிறுவனமாகிவிடும், அதற்கு அவர்கள் தயாரில்லை. ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்றால், கூடுதலாக வந்த பந்திக்காகச் சாம்பாரில் தண்ணீர் விளாவிய கதைதான். நாளைக்கு இன்னொரு பந்தி வந்தால் இன்னும் ஒரு செம்பு.

இனி நான் பேசப் போவது உனக்குப் பிடிக்காது. முப்பத்தோரு வருஷம் டெலிபோன் கணக்குப் பிரிவில் பாக்கிப் பட்டியல் போட்டவள் நான். கட்டணம் கட்டாதவனைவிட, "இந்த பில் தப்பு" என்று தகராறு செய்துகொண்டு கட்டாமல் இருப்பவனைக் கண்டால்தான் எனக்குப் பயம். லைசென்ஸ் கட்டணத்தைத் தாங்க முடியவில்லை என்று அழுத கம்பெனிகளுக்காக, 1999-ல் வருமானத்தில் பங்கு கொடுத்தால் போதும் என்று மாற்றினார்கள். வாடகை, வட்டியெல்லாம் வருமானமா என்று அதன்பின் வழக்கு. 2019 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் கம்பெனிகளுக்கு எதிராக முடித்தது. வோடஃபோன் ஐடியா தன் கணக்குப்படி பாக்கி சுமார் 21,500 கோடி என்றது, தொலைத்தொடர்புத் துறை 58,254 கோடி என்றது. நடுவில் தவணைக்கு அவகாசம் கொடுத்தும் இன்று அது 83,000 கோடியைத் தாண்டி நிற்கிறது. அசல் கொஞ்சம், மீதியெல்லாம் வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி. அதைத் தள்ளுபடி செய்யக் கேட்டுப் போனதையும் இந்த மே மாதம் கோர்ட் ஏற்கவில்லை. அடுத்த மார்ச்சில் தவணை தொடங்க வேண்டும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கீழவயல்தான் கண்ணில் நிற்கிறது. பம்ப்செட் கடனில் மூவாயிரம் கூட எழுதிவிட்டார்கள் என்று உன் தாத்தா கோர்ட்டுக்குப் போனார். ஒப்புக்கொண்ட ஒன்பதாயிரத்தையாவது கட்டிவிட்டு வழக்காடுங்கள் என்றேன். "பொட்டப்பிள்ளைக்கு என்ன தெரியும்" என்றது யார் என்று உங்கப்பாவையே கேள். பதினோரு வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தபோது வட்டி அசலை விழுங்கியிருந்தது. என் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த வயல் அது. நியாயம் நம் பக்கம்தான் இருந்தது என்று உங்கப்பன் இன்றைக்கும் சொல்கிறான். இருந்திருக்கலாம். வயல் இல்லை.

கம்பெனி அழிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என் போனில் இருப்பதும் அந்த சிம்தான். வீட்டுக்குள் ஒரு கோடுதான் காட்டும், இருந்தாலும் மாற்ற மாட்டேன். ஜியோ, ஏர்டெல் என்று இரண்டே தனியார் கம்பெனிகள் மிஞ்சினால் நாம் கட்டுகிற ரீசார்ஜ் என்ன ஆகும்? அரசாங்கமும் அதற்காகத்தான் இதை இழுத்துப் பிடித்திருக்கிறது. பிழைத்தாலும் பிழைக்கும். ஆனால் 2018-ல் வோடஃபோனும் ஐடியாவும் சேர்ந்தபோது 40 கோடிக்கு மேல் இருந்த வாடிக்கையாளர்கள் இன்று பாதியாகிவிட்டார்கள். மற்ற இருவரும் 2022-லேயே தொடங்கிய 5ஜியை இவர்கள் இந்த மார்ச்சில்தான் மும்பையில் தொடங்கினார்கள். லண்டன் வோடஃபோன் தன் முதலீட்டை 2019-லேயே கணக்கில் பூஜ்யமாக்கிவிட்டது. பெற்றவளே கைவிரித்த பிள்ளைக்கு நீ ஏனப்பா ஜாமீன் நிற்க வேண்டும்?

ரொம்பப் பேசிவிட்டேன். நீ படித்தவன், உனக்குத் தெரியாததா. பத்தாயிரம் ரூபாய்க்கு ஆசைக்கு வாங்கிக்கொள், அது போனால் அத்தையிடமே வாங்கிக்கொள். வாங்கியே தீருவேன் என்றாலும் கோபமில்லை, நீ என் மடியில் வளர்ந்த பிள்ளை. பாப்பாவுக்கு மோர்மிளகாய் வற்றல் பிடிக்கிறதாமே, இரண்டு படி போட்டு வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரிக்குத் தாழம்பூ நிறத்தில் ஒரு சேலையும் எடுத்திருக்கிறேன், சொல்லிவிடாதே.

ஆடி அமாவாசைக்கு எல்லோரும் வாருங்கள். அதுவரை அந்தப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தை