உளச்சிகிச்சை மீளாய்வுகள்: தரம் காணும் நெறி

உள்ளத்து நோயை உரையாடல் வழியே தணிக்கும் முறை உளச்சிகிச்சை எனப்படும். அது பயன் தருமா என ஆராய்ந்த பல ஆய்வுகளை ஒருங்கு திரட்டி முடிவு கூறுவது மீளாய்வு. அம்முடிவை நம்பியே நோயுற்றோர் சிகிச்சையை நாடுகின்றனர், அன்றேல் கைவிடுகின்றனர். ஆதலின் மீளாய்வின் தரத்தை அறியும் நெறி மூன்றினை ஈண்டுக் காண்போம்.

முதலாவது, ஒப்பீடு நேரியதா என நோக்குதல் வேண்டும். 1952இல் ஹான்ஸ் ஐசென்க் 24 ஆய்வுகளைத் தொகுத்தார். உளப்பகுப்பாய்வு பெற்றோருள் 44 விழுக்காட்டினரும், உளச்சிகிச்சை பெறாதோருள் 72 விழுக்காட்டினரும் நலமுற்றனர் என்றார். எனினும், சிகிச்சையை இடையில் நிறுத்தியோரையும் நலமுறாதோராகக் கொண்ட கணக்கே அது. அவர்களை நீக்கின் 44 என்பது 66 ஆகிவிடும். ஒப்பிடப்பட்டோரும் மருத்துவர் கவனிப்பை அறவே பெறாதோர் அல்லர்.

இரண்டாவது, எண்ணிக்கை வேறு, தரம் வேறு. 1977இல் மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் ஆகியோர் 375 ஆய்வுகளைத் தொகுத்து, உளச்சிகிச்சை பயனுடையதே என நிறுவினர். தரமுள்ளதும் தரமற்றதும் ஒன்றாய்க் கலந்தன என ஐசென்க் மறுத்தார். அம்மறுப்பைப் புறந்தள்ளுதல் இயலாது. 2010இல் பிம் கைபெர்ஸ் குழுவினர் மனச்சோர்வு பற்றிய 115 ஆய்வுகளை 8 அளவைகளால் சோதித்தனர். அனைத்திலும் தேறியவை 11 மட்டுமே. அவற்றில் கண்ட பயனளவு 0.22, ஏனையவற்றிலோ 0.74. பயனளவு சுழியாயின் பயனில்லை என்பது பொருள்.

மூன்றாவது, வெளிவராத ஆய்வுகளும் தேடப்பட்டனவா என வினவுதல் வேண்டும். பயன் காணாத ஆய்வுகள் பல மேசை அறையிலேயே உறங்கிவிடுகின்றன. அமெரிக்க அரசின் நலவாழ்வு நிறுவனங்கள் 1972 முதல் 2008 வரை நிதியளித்த மனச்சோர்வுச் சிகிச்சை ஆய்வுகள் 55இல் 13 அச்சேறவில்லை என 2015இல் தெரியவந்தது. அவற்றுள் கிடைத்த தரவுகளையும் சேர்த்தபோது 0.52ஆக இருந்த பயனளவு 0.39ஆகக் குறைந்தது. குறைந்ததேயன்றி மறையவில்லை என்பது கருதத்தக்கது.

பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், பிழைபட்ட ஒரு மூலத்தின் படிகள் பத்து இருப்பினும் அதன் பாடத்தைக் கொள்ளார். மீளாய்வைக் கற்போர்க்கும் அதுவே நெறி. மிகைப்படுத்திய முடிவு நோயாளியை ஏமாற்றும். வீண் எனத் தள்ளும் முடிவு அவருக்குக் கிட்டவேண்டிய துணையைப் பறிக்கும். முடிவைப் படிக்குமுன் அது பிறந்த வழியைப் படிப்போமாக.