குழந்தைகளும் இணையக் காவலும்

கேள்வி: அமெரிக்காவில் முன்மொழியப்பட்டிருக்கும் குழந்தைகள் இணையப் பாதுகாப்பு மசோதா அவசியந்தானா? பெற்றோரின் கண்காணிப்பே போதாதா?

பதில்: போதாது என்பதே என் அபிப்பிராயம். குழந்தையின் கவனத்தைக் கவர்ந்து நிறுத்துவதற்கென்றே நிபுணர்கள் பலர் கூடி அமைத்த யந்திரத்தின் முன்னே, உழைத்துக் களைத்து வீடு திரும்பும் தாயொருத்தியின் எச்சரிக்கை எம்மாத்திரம்? 2022-இல் செனட்டர்கள் புளூமெந்தாலும் பிளாக்பர்னும் கொணர்ந்த இம்மசோதா, மனச்சோர்வு, உணவுப் பழக்கக் கோளாறு முதலிய தீங்குகளைத் தங்கள் தளத்தின் அமைப்பே தூண்டாதவாறு காக்கும் கடமையை இணைய நிறுவனங்களின் மீதே சுமத்துகிறது. 2024 ஜூலையில் செனட் சபை 91-க்கு 3 என்ற கணக்கில் அதனை நிறைவேற்றியும், பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பின்றியே காலாவதியாகி, 2025-இல் மறுபடியும் கொண்டுவரப்பட்டது. இம்மசோதாவால் பேச்சுச் சுதந்திரத்துக்குப் பங்கம் நேருமென்ற ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும், எது தீங்கு என்பதைத் திட்டமாக வரையறுத்து, அதிகாரத்துக்கு எல்லை வகுத்துச் சட்டம் இயற்றுவதே தர்மம்.