முன்விளக்கின் நோக்கைச் சீர்செய்யும் முறை

நம் சங்கங்களின் அங்கத்தினர் பலரிடம் இன்று காரோ சிறிய சரக்கு மோட்டார் வண்டியோ இருக்கிறது. காய்கறி விளைவிப்போர் விடியுமுன் மூன்று நான்கு மணிக்கே சந்தைக்குப் புறப்படுகின்றனர். நெசவாளர்களும் சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு இரவில் நெடுந்தூரம் செல்கின்றனர். அதே இருட்டில், அதே சாலையில், பின்விளக்கில்லாத மாட்டு வண்டியும், பால்காரரின் சைக்கிளும், வயலுக்கு நடந்து செல்லும் பெண்களும் வருகின்றனர். முன்விளக்கு சற்று மேல்நோக்கி இருந்தால் எதிரில் வருபவரின் கண் கூசும். மிகவும் கீழ்நோக்கி இருந்தால் ஓட்டுபவருக்கே வழி தெரியாது. இவ்விரண்டில் எது நேர்ந்தாலும் உயிருக்கு ஆபத்து. இதைச் சரிசெய்ய வேண்டியவை ஒரு வெள்ளைச் சுவர், சமதளமான தரை, அளவுநாடா, திருப்புளி ஆகியவையே.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுதல் நலம். வண்டியோட்டிகள் ‘டிம்’ என்று கூறும் தாழ்வொளி, விளக்கிலிருந்து நூறு பங்கு தூரம் செல்லும்போது ஒரு பங்கு கீழிறங்க வேண்டும் என்பது பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும் அளவு. அதாவது 10 மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் தாழ்வு. விளக்கு தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அதன் ஒளியின் மேல்விளிம்பு 75 மீட்டருக்கு அப்பால் சாலையைத் தொடும். தாழ்வு மூன்று பங்கானால் ஒளி 25 மீட்டரிலேயே முடிந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. 25 மீட்டரில் மாட்டு வண்டியைக் கண்டபின் பிரேக்கை மிதித்துப் பயனில்லை. ‘எதற்கும் கொஞ்சம் இறக்கி வைப்போம்’ என்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். சில விளக்குகளின் மேலேயே உற்பத்தியாளர் இந்த நூற்றுமானத்தைப் பொறித்திருப்பர். 1.2 என்று பொறித்திருந்தால் 10 மீட்டரில் 12 சென்டிமீட்டர் என்று கொள்க. வண்டியின் கைப்புத்தகம் வேறு அளவு கூறினால் அதுவே பிரமாணம்.

இனி இடம். சங்கக் கிடங்கின் சுவரும் அதன் முன்னுள்ள சிமெண்டுக் களமும் இவ்வேலைக்கு மிகவும் ஏற்றவை. கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு களம் மட்டமாக உள்ளதா என்று பார்த்துக்கொள்ளலாம். கண்ணால் மதிப்பிட்டு முடிவு செய்தல் கூடாது, ஏனெனில் மழைநீர் வடிவதற்காகக் களங்களுக்குச் சற்றுச் சரிவு வைத்துக் கட்டுவது வழக்கம். நான்கு சக்கரங்களிலும் காற்று குறித்த அளவில் இருக்க வேண்டும். வண்டியை முன்னும் பின்னும் சற்று அழுத்தி ஆட்டிவிட்டால் வில்கள் இயல்பான நிலைக்கு வந்து நிற்கும். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருத்தல் அவசியம். ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகையில் 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட விளக்குத் தாழ்த்தும் திருகி இருந்தால் அதனை 0-இல் வைக்கவும்.

வண்டியைச் சுவரை ஒட்டி நேராக நிறுத்தி, இரு விளக்குகளின் நடுப்புள்ளிகளுக்கும் நேராகச் சுவரில் இரண்டு கூட்டற்குறிகள் இடுக. பிறகு வண்டியை நேர்பின்னாக 10 மீட்டர் நகர்த்துக. கூட்டற்குறிகளுக்கு 10 சென்டிமீட்டர் கீழே, காவி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துத் தட்டிக் கிடைக்கோடு ஒன்றை அடித்துவிடலாம். நூலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஒவ்வொரு கூட்டற்குறியிலிருந்தும் தூக்குக்குண்டு தொங்கவிட்டுச் செங்குத்துக் கோடும் வரைந்துகொள்க.

பொழுது சாய்ந்தபின் டிம் விளக்கை ஏற்றி, ஒரு விளக்கின் முன் அட்டையை நிறுத்தி மறைத்துவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும். ஹாலோஜன் விளக்கு மிகவும் சூடேறுவதாகையால் அதன்மேல் துணியைப் போர்த்துவது கூடாது. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்வதால், சுவரில் விழும் ஒளியின் மேல்விளிம்பு வலப்பக்கம் கிடையாகவும், இடப்பக்கம் மேல்நோக்கிச் சரிந்தும் இருக்கும். எதிரில் வருபவர் வலப்பக்கம். நடப்பவரும் மைல்கல்லும் இடப்பக்கம். கிடைப்பகுதி நாம் அடித்த கோட்டின்மேல் அமர்ந்து, சரிவு தொடங்கும் முடக்கு செங்குத்துக் கோட்டின்மேல் விழுந்தால் நோக்குச் சரியாக உள்ளது என்று பொருள்.

சரியாக இல்லையெனில் விளக்கின் பின்புறம் உள்ள திருகாணிகளைத் திருப்ப வேண்டும். பெரும்பாலும் ஒன்று மேல்கீழாகவும் மற்றொன்று பக்கவாட்டிலும் ஒளியை நகர்த்தும். சில வண்டிகளில் முதலாவது மட்டுமே இருக்கும். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். எத்தனை சுற்று எனக் குறித்துக்கொண்டே சென்றால், தவறினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். திருகாணி சுழன்றும் ஒளி அசையவில்லையென்றால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பல் தேய்ந்தோ ஒடிந்தோ இருக்கும். அது பட்டறை வேலை. டிம், பிரைட் இரண்டும் ஒரே எச்-4 பல்பில் இருக்கும் வண்டிகளில், டிம்மைச் சரிசெய்தால் பிரைட்டும் கூடவே அமைந்துவிடும்.

எச்-4 பல்பில் டிம்முக்கான இழையின் அடியில் சிறு கவசத் தகடு ஒன்று உண்டு. அது கீழ்நோக்கிச் செல்லும் வெளிச்சத்தைத் தடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தின் மேற்பாதியில் மட்டும் விழச் செய்கிறது. அங்கிருந்து அது சாலைக்கு இறங்குகிறது. இழை அரை மில்லிமீட்டர் இடம் பெயர்ந்தாலும் ஒளியின் விளிம்பு கலைந்துபோகும். ஆகவே பல்பு தன் மூன்று காதுகளும் பொருந்த உட்கார்ந்திருக்கிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும். ஹாலோஜனுக்கென்று செய்த கிண்ணத்தில் கடைவீதியில் விற்கும் எல்.இ.டி. பல்பைச் செருகுவோருக்கு நேரும் தொல்லையும் இதுவே. வெளிச்சம் பெருகியதாகத் தோன்றும், ஆனால் சுவரில் பார்த்தால் விளிம்பே இராது. அதை எந்தத் திருகாணியாலும் சரிசெய்ய இயலாது. மஞ்சள் பூத்த முன்மூடியும் ஒளியைச் சிதறடிக்கும். அதைத் துலக்கவோ மாற்றவோ வேண்டும்.

சரக்கு வண்டி வைத்திருப்போர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது பாரம். முன்பின் அச்சுகளுக்கிடையே 2 மீட்டர் உள்ள வண்டியில் மூட்டைகளை ஏற்றியதும் பின்பக்கம் 4 சென்டிமீட்டர் இறங்குவதாகக் கொள்வோம். முன்பக்கம் அப்படியே இருந்தால் வண்டி நூற்றுக்கு இரண்டு பங்கு நிமிர்கிறது. ஒரு பங்கு தாழ்ந்திருந்த ஒளி இப்போது ஒரு பங்கு உயர்ந்துவிடும். 50 மீட்டரில் அதன் விளிம்பு தரையிலிருந்து 125 சென்டிமீட்டர், 75 மீட்டரில் 150 சென்டிமீட்டர். முன்னது எதிரே வரும் கார் ஓட்டுநரின் கண்மட்டம். பின்னது சைக்கிளில் வருபவருடையது. வெறும் வண்டியில் அழகாகச் சீர்செய்துவிட்டுப் பாரத்தோடு புறப்படுபவர் இதை அறியமாட்டார். எண்ணிட்ட திருகி உள்ளவர்கள் பாரத்துக்கேற்ப அதனை 1, 2, 3 என்று நகர்த்த வேண்டும். அதைத் தொட்டே பாராதவர் எத்தனையோ பேர். திருகி இல்லாத வண்டி விடியலில் பாரத்தோடு போய்ப் பகலில் வெறுமையாகத் திரும்புவதானால், வழக்கமான பாரத்தை ஏற்றியே சுவர் முன் நிறுத்திச் சீர்செய்வது மேல் என்பது எனது கருத்து. அவ்வண்டியை இரவில் வெறுமையாக ஓட்ட நேர்ந்தால் ஒளி குறுகிவிடுமாதலால் வேகத்தைக் குறைத்தே செல்ல வேண்டும்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னும் அரை மீட்டர் வலப்புறமும் 1.5 மீட்டர் உயரத்திலும் உள்ள கண்ணை ஒளி கூசச் செய்யலாகாது என்கிறது. மேற்சொன்ன நிமிர்ந்த விளக்கின் விளிம்பு 8 மீட்டரில் 83 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும்; அந்தச் சோதனையில் அது தேறிவிடவும் கூடும். ஆகவே விதிக்கு அடங்கியதென்று நின்றுவிடாமல் சுவரில் அளந்து பார்க்க வேண்டும்.

சங்கத்திற் பல வண்டிகள் இருக்குமாயின், கிடங்குச் சுவரில் தரையிலிருந்து 50 முதல் 120 சென்டிமீட்டர் வரை ஐந்தைந்தாகக் கோடுகளை வண்ணத்தால் தீட்டி, 10 மீட்டருக்கு நேரே களத்திலும் ஒரு கோடு போட்டுவிடலாம். விளக்கின் உயரத்தை மட்டும் அளந்துகொண்டு, ஒவ்வொரு அங்கத்தினரும் தம் வண்டியைக் கால் மணி நேரத்தில் பார்த்துச் செல்ல முடியும். டயர், வில், பல்பு இவற்றில் எதை மாற்றினாலும் மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுக.