பழைய வண்டி பந்தய மண்ணுக்குத் தயாராகிறது
இரு வீச்சு எஞ்சின் கற்றுத்தரும் பாடம்



தரமணி ரயில் நிலையத்தில் இறங்கி, பக்கத்துத் தெரு ஒன்றில் நடப்பதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். ஒரு சிறிய மெக்கானிக் கடை. வாசலில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. கிக்கரை ஓர் உதை உதைத்ததும் ‘டிர்ர்ர்’ என்று கூர்மையாக ஒலிக்கிறது. நீலப் புகை எழுகிறது. இக்காலத்து வண்டிகளின் ஒலி இதுவன்று. இது இரு வீச்சு எஞ்சின். வண்டியின் பெயர் யமஹா ஆர்.எக்ஸ். 100. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இதை 1985ஆம் ஆண்டு இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. 1996இல் இதன் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆனாலும் சென்னை இளைஞர்களிடையே இதன் புகழ் இன்னும் குறையவில்லை.

இந்த ஊருக்கும் வேகத்திற்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சோழவரம் விமான ஓடுதளத்தில் நெடுங்காலம் பந்தயங்கள் நடந்தன. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதையையே திறந்தது. அவை தார்ச்சாலைப் பந்தயங்கள். நாம் இங்கே பேசப்போவது மேடும் பள்ளமும் நிறைந்த மண்பாதைப் பந்தயமான மோட்டோகிராஸ். பழைய ஆர்.எக்ஸ். 100 வண்டியை அதற்கு எப்படித் தயார் செய்வது?

‘பெரிய ஜெட் போடு, சைலன்சரை வெட்டு, போர்ட்டை ராவு’ என்று பலர் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். முதலில் எஞ்சினைப் புரிந்துகொள்வோம்.

கதவில்லாத வீடு

இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ.; பிஸ்டன் நகரும் தொலைவும் 50 மி.மீ. உருளையின் கன அளவைக் காணும் விதி உங்களுக்குத் தெரியும். 3.1416 × 2.5 × 2.5 × 5 = 98.2 கன செ.மீ. ‘நூறு சி.சி.’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

நான்கு வீச்சு எஞ்சினில் வாயு உள்ளே வரவும் வெளியே போகவும் வால்வுகள் உண்டு. இரு வீச்சு எஞ்சினின் சிலிண்டர் தலையில் வால்வே இல்லை. சிலிண்டர் சுவரில் துளைகள் இருக்கின்றன. பிஸ்டனே மேலும் கீழும் நகர்ந்து அவற்றைத் திறந்து மூடுகிறது. எரிந்த வாயு தள்ள, பிஸ்டன் இறங்குகிறது. முதலில் வெளியேற்றும் துளை திறக்கிறது, புகை பாய்ந்தோடுகிறது. அடுத்து, கீழேயுள்ள கிராங்க் பெட்டியிலிருந்து புதிய பெட்ரோல்-காற்றுக் கலவை வரும் துளைகள் திறக்கின்றன. பிஸ்டன் மேலேறும்போது புதிய கலவை வரும் துளைகள் முதலில் மூடிக்கொள்கின்றன. வெளியேற்றும் துளை கடைசியாகத்தான் மூடுகிறது.

சிக்கல் இங்கேதான். இந்தச் சிறு இடைவெளியில், எரியாத புதுக் கலவையில் ஒரு பகுதி திறந்திருக்கும் துளை வழியே தப்பிவிடுகிறது. பெட்ரோல் வீணாகிறது, காற்றும் மாசடைகிறது. புகை விதிகள் இறுகியபோது இவ்வகை வண்டிகள் சாலையிலிருந்து மறைந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒலி மூடும் கதவு

தப்பியோடும் கலவையைத் திருப்பி அனுப்ப வழி உண்டா? உண்டு. அதைச் செய்வது ஒலி அலை.

புகை பாயும்போது அழுத்த அலை ஒன்று குழாயில் ஓடுகிறது. குழாய் படிப்படியாக அகலும் இடத்தில் அந்த அலையிலிருந்து உறிஞ்சும் அலை ஒன்று திரும்பி வந்து, மிச்சப் புகையை இழுக்கிறது. குழாய் மறுபடி குறுகும் இடத்தில் அழுத்த அலை மோதித் திரும்புகிறது. அது சரியான கணத்தில் துளையை அடைந்தால், தப்பிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். நடுவில் பருத்து இருமுனையும் ஒடுங்கிய பந்தயக் குழாயின் ரகசியம் இதுவே.

1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலைப் பொறியாளர் வால்டர் காடன் இக்கலையை வளர்த்தார். 1961இல் அவரது 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. அதாவது லிட்டருக்கு 200! அதே ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குலகுக்குத் தப்பிச் சென்று, சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சுசுகி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது. நமது ஆர்.எக்ஸ். 100 தருவது 11 குதிரைத்திறன். லிட்டருக்கு ஏறக்குறைய 112.

குழாய் எவ்வளவு நீளம் வேண்டும்? நீங்களே கணக்கிடலாம். எஞ்சின் நிமிடத்திற்கு 7,500 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு நொடிக்கு 125 சுழற்சி. ஒரு சுழற்சிக்கு 0.008 நொடி. வெளியேற்றும் துளை அரைச் சுழற்சி நேரம் திறந்திருந்தால், அது 0.004 நொடி. சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 500 மீட்டர் செல்லும். 500 × 0.004 = 2 மீட்டர். அலை போய்த் திரும்ப வேண்டும். ஆகவே மோதும் இடம் துளையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டரில் இருக்க வேண்டும்.

எஞ்சின் 6,000 முறை மட்டுமே சுழன்றால்? நேரம் 0.005 நொடி, தூரம் 1.25 மீட்டர். குழாய் நீண்டால் குறைந்த சுழற்சியிலேயே பலம் கிடைக்கும். மண்பாதையில் வளைவிலிருந்து வெளியேறி மேடேற வேண்டியவருக்கு இதுவே ஏற்றது. குட்டைக் குழாய் உச்ச வேகத்தில் சீறும், சேற்றில் எழுந்திருக்காது.

முதலில் சீராக்கு, பிறகு மாற்று

பழைய வண்டியில் முதல் வேலை, பழுதைக் கண்டறிவது. கிராங்க் தண்டின் ஆயில் சீல்கள் ரப்பரால் ஆனவை; ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகிவிடும். அவ்வழியே வெளிக்காற்று நுழைந்தால், கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். அத்தகைய கலவை எஞ்சினை அளவுக்கு மீறிச் சூடாக்கும். அலுமினிய பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘சீஸ் ஆகிவிட்டது’ என்கிறார்கள். ஓடும்போது இது நேர்ந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் தூக்கி எறியப்படலாம். கிளட்ச் மீது விரல் வைத்து ஓட்டும் பழக்கம் உயிர் காப்பது இதனால்தான்.

கலவை சரிதானா என்பதை பிளக் சொல்லும். முனை இளம்பழுப்பு நிறமானால் நலம், கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் அபாயம். ஐயம் வந்தால் சற்றுப் பெரிய ஜெட்டிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சிறிதாக்குங்கள், தலைகீழாகச் செய்யாதீர்கள்.

பருவத்தையும் மறக்கக் கூடாது. கத்திரி வெயிலில் 40 டிகிரி. மார்கழி விடியலில் 22 டிகிரி. தனி வெப்பநிலைக்கு மாற்றினால் 313, 295. எனவே மார்கழிக் காற்று சுமார் 6 விழுக்காடு அடர்த்தி மிக்கது. மே மாதத்தில் பொருத்தமாயிருந்த ஜெட், டிசம்பரில் பெட்ரோல் குறைவாகத் தந்ததாகிவிடும்!

எண்ணெயும் அப்படியே. ஆர்.எக்ஸ். 100இல் எண்ணெயைத் தனிப் பம்ப் அனுப்புகிறது. பந்தயத்திற்காகப் பம்பை நீக்கி, பெட்ரோலிலேயே எண்ணெய் கலப்போரும் உண்டு. 40க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 25 மி.லி. கலக்க மறந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் அழிந்துவிடும்.

‘காற்று நன்றாகப் போகட்டும்’ என்று ஏர் ஃபில்டரைக் கழற்றுவது பெருந்தவறு. மண்பாதையின் தூசு பிஸ்டனுக்கு உப்புத்தாள் போன்றது.

இனி மாற்றங்கள். முன் ஸ்பிராக்கெட் 14 பல், பின் ஸ்பிராக்கெட் 42 பல் என்றால் விகிதம் 3. பின்னதை 49 பல்லாக்கினால் 3.5. இழுவிசை ஆறில் ஒரு பங்கு கூடும். உச்ச வேகம் ஏழில் ஒரு பங்கு குறையும். செலவு குறைவு, வேண்டாமென்றால் பழையதையே மாட்டிவிடலாம். அடுத்து ஸ்பிரிங். ஓட்டுபவர் அமர்ந்ததும், அதன் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு அமுங்குவது நல்ல தொடக்கம். மீதி இரண்டு பங்கு, தாவி இறங்கும் அதிர்ச்சியைத் தாங்கட்டும்.

சிலிண்டர் துளையை அரத்தால் ராவுவது கடைசி வேலை. ராவிய உலோகத்தை மீண்டும் ஒட்ட முடியாது. இந்த ஆர்.எக்ஸ். 100இன் உற்பத்தியும் நின்றுபோய்விட்டது.

பொன்னான விதி ஒன்று: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். அதை நோட்டில் குறித்து, ஓட்டிப் பார்த்து, பிறகே அடுத்தது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பயன் தந்தது என்று எப்படி அறிவீர்கள்? ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் முறையும் இதுதானே!

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பதிவுச் சான்றிலுள்ள அமைப்புக்கு மாறாகத் திருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். கியர் உள்ள வண்டிக்கு உரிமம் பெற 18 வயது நிரம்ப வேண்டும். அதுவரை கையில் ஸ்பேனரும் பென்சிலும் இருக்கட்டும். பந்தயத்தின் பாதி வேலை அவற்றால்தான் முடிகிறது.

கணக்கிட்டுப் பாருங்கள்

1. தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்து விட்டத்தை 50.5 மி.மீ. ஆக்கினால் கன அளவு என்ன?

2. மேற்கண்ட எஞ்சின் 8,000 முறை சுழலும்போது அலை மோதும் இடம் எத்தனை மீட்டரில் இருக்க வேண்டும்?

3. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையில் சரியாயிருந்த ஜெட், அங்கே பெரியதாகுமா, சிறியதாகுமா? ஏன்?

விடைகள்: 1. சுமார் 100.1 கன செ.மீ. 2. சுமார் 0.94 மீட்டர். 3. பெரியதாகும், மலைக்காற்றின் அடர்த்தி குறைவு. அதற்குச் சிறிய ஜெட் போதும்.