முதல் மருந்து தண்ணீர்: நோயுற்ற ஆக்சலாட்டிலைத் தேற்றும் முறை

மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரியைத் தாயகமாகக் கொண்ட ஆக்சலாட்டில், ஆயுள் முழுக்கச் செவுள்களோடு நீரிலேயே வாழும் சாலமாண்டர். செவுளாலும் மெல்லிய தோலாலும் சுவாசிப்பதால், தொட்டி நீரின் கேடு நேரே அதன் உடலில் இறங்கிவிடும். செவுள்கள் முன்னோக்கி வளைந்தாலோ, வால்நுனி சுருண்டாலோ, இரையை மறுத்தாலோ முதலில் சோதிக்க வேண்டியது தண்ணீரைத்தான். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை நல்லது. 24 டிகிரியைத் தாண்டினால் நீரில் ஆக்சிஜன் குறையும், அம்மோனியாவின் நச்சு கூடும்.

அடுத்து, குளோரின் நீக்கிய குளிர்ந்த நீர் நிரப்பிய மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்கு அதை மாற்றி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். காற்றோட்டத்துக்கு மூடியில் துளைகள் வேண்டும். தினமும் நீர் முழுவதையும், அதே வெப்பநிலையில் உள்ள புது நீரால் மாற்றுங்கள். சூடு ஏறினால், உறையவைத்த தண்ணீர் பாட்டிலை மூடியபடியே மிதக்கவிட்டு மெல்லக் குறையுங்கள். நோயாளியை இடம் மாற்றுவதே அதிர்ச்சியல்லவா என்று கேட்கலாம். அதிர்ச்சிதான்; ஆனால் அது சிறிது நேரத்தில் அடங்கும். கெட்ட நீரோ மணிக்கு மணி செவுளை அரிக்கும்.

செவுளில் பஞ்சு போன்ற வெண்பூஞ்சை தெரிந்தால் மட்டும் உப்புக் குளியல்: ஒரு லிட்டர் நீருக்கு அயோடின் சேராத உப்பு 2 தேக்கரண்டி, 10 நிமிடம், நாளுக்கு இருமுறை, சில நாட்கள். நீர்நில வாழ்விக்கு உப்பு ஆகாது என்பது நியாயமான ஆட்சேபம். அதனால்தான் உப்பைத் தொட்டியில் கலக்காமல், தனிப் பாத்திரத்தில் கடிகாரம் பார்த்துத் தருகிறோம். மீனுக்கான மருந்தை ஊற்றுவது இதைவிட ஆபத்து; செம்பும் மாலகைட் பச்சையும் அந்தத் தோல் வழியே ஊடுருவிவிடும். உடல் ஊதினாலோ, சிவந்த திட்டுகள் பரவினாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பிடவில்லையே என்று வாயைப் பிளந்து ஊட்ட வேண்டாம். வளர்ந்த ஆக்சலாட்டில் ஓரிரு வாரம் பசி தாங்கும். நறுக்கிய மண்புழுவைக் காட்டுங்கள், மறுத்தால் உடனே எடுத்துவிடுங்கள். இதற்கிடையில் தொட்டியிலிருந்து விழுங்கக்கூடிய கூழாங்கற்களை அகற்றி, நீரைச் சீராக்குங்கள். அது இரை எடுப்பது மட்டும் போதாது. தொட்டியின் அம்மோனியா அளவும் தொடர்ந்து சில நாள் பூஜ்யத்தில் நின்ற பிறகே திருப்பி விடுங்கள். நோய் தந்த நீருக்கே திரும்பினால் தேறிய உடல் மீண்டும் வாடும்.