தலைக்கு மேல் நிற்கும் எக்ஸ்ரே கருவி ஏன் சரிவதில்லை?

எக்ஸ்ரே மேசையில் படுத்திருப்போர் பலருக்கும் ஓர் ஐயம் எழுவதுண்டு: நெஞ்சுக்கு நேர் மேலே நிற்கும் இக்கனமான கருவி சரிந்து விடாதா? பணியாளர் அதனை ஒரு கையால் எளிதாக ஏற்றி இறக்குவதைக் காணும்போது அந்த ஐயம் வலுக்கவும் கூடும். ஆனால் அந்த எளிமைக்குக் காரணம் கருவியின் தளர்ச்சி அன்று. அதன் சமநிலையே ஆகும்.

எதிர் எடை

கிணற்று ஏற்றத்தில் துலாவின் ஒரு முனையில் நீர்ச்சால் தொங்கும். மறுமுனையில் கட்டிய கல் அதன் பாரத்தை ஈடுசெய்யும். தரையில் நிறுத்தப்பட்ட எக்ஸ்ரே தூண்கள் பலவற்றிலும் இதே கருத்துதான் பயன்படுகிறது. எக்ஸ்ரே குழாயைத் தாங்கும் எஃகு வடம் கப்பியின் மேல் சென்று, தூணுக்குள் இருக்கும் இணையான எடைக்கட்டியுடன் பிணைந்திருக்கும். குழாய் இறங்கினால் கட்டி ஏறும். எனவே உராய்வை வெல்லும் சிறு விசையே பணியாளருக்குப் போதும்.

சுருள்வில்

பல் மருத்துவ எக்ஸ்ரே கருவி போலச் சுவரில் பொருத்தப்படும் கைகளுக்கு எதிர் எடை ஏற்றதன்று. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். கையின் அச்சிலிருந்து 100 செ.மீ. தொலைவில் உள்ள 10 கிலோவை, மறுபுறம் 50 செ.மீ. தொலைவில் ஈடுசெய்ய 20 கிலோ வேண்டும். சுவர் தாங்க வேண்டிய பாரமோ 30 கிலோ ஆகிவிடும். ஆகவே அங்கே சுருள்வில் பயன்படுகிறது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கை கிடையாக நீளும்போது அதனைக் கீழே இழுக்கும் திருப்பு விசை மிக அதிகம்; 60 பாகை உயர்த்தினால் அது பாதியாகும்; நேராக நிமிர்ந்தால் இல்லாமலே போகும். சுருள்வில்லின் இழுப்பும் அது நீளும் அளவுக்கு ஏற்ப மாறும். வில்லின் இரு முனைகளையும் தக்க இடங்களில் பொருத்தினால் இவ்விரு மாற்றங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். பிரிட்டிஷ் பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டைன் 1932இல் வடிவமைத்த மேசை விளக்கு, விட்ட இடத்தில் நின்றது இவ்வகையில்தான்.

தடையும் பராமரிப்பும்

சமநிலையில் உள்ள கையும் இடித்தால் நகரும். அதனை நிலைநிறுத்த உராய்வு மூட்டுகளோ மின்காந்தத் தடைகளோ உள்ளன. காலப்போக்கில் வில்லோ மூட்டோ தளர்ந்தால் கை மெல்ல இறங்கத் தொடங்கும். அப்போது படம் மங்கலாகலாம். வேண்டிய பகுதி விடுபடலாம். மீண்டும் படம் எடுத்தால் நோயாளிக்குக் கதிர்வீச்சு கூடும். ஆதலால் முறையான பராமரிப்பு இன்றியமையாதது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. மேசையிலிருந்து எழும்போது கருவியின் கையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பணியாளரின் உதவியை நாடுங்கள்.

2. குளுக்கோஸ் பாட்டில், பை, துண்டு ஆகியவற்றை அதில் தொங்கவிடாதீர்கள். கூடுதல் பாரம் சமநிலையைக் குலைக்கும்.

3. படம் எடுக்கும் முன் கருவி தானாக நகர்வதைக் கண்டால் உடனே சொல்லுங்கள்.

4. சரியும் குழாயை உடன் வந்தோர் கையால் தாங்கிப் பிடிக்க முன்வராதீர்கள். பிடிப்பவரும் தேவையின்றிக் கதிர்வீச்சுக்கு உள்ளாவார். கை நடுங்கினால் படமும் கெடும். அக்கருவியைச் சரிசெய்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

பணியாளர் கருவியை நிறுத்தியபின் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: அவர் சொல்லும்வரை அசையாதிருங்கள்.